அம்மாவின் 54 வெள்ளி: வங்கி பிடித்த கட்டணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேரப்பிள்ளைகளுக்கு உறையில் போட்டுக் கொடுக்கப் புதுத்தாள் எடுக்க வேண்டும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது பார் என்று அம்மா தமது வங்கிப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். இருப்பைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கலாம். நான் 22 ஆண்டுகளாக வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். எண்கள் வரிசையாக நின்றால் கண் தானாகக் கீழே இறங்கும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரே தொகை: 2.00. பக்கத்தில் ஒரு குறியீடு. பின்னோக்கி எண்ணினேன். 27 வரிகள், 54 சிங்கப்பூர் வெள்ளி.

“இது என்னம்மா?”

“வங்கிக்காரன் எடுப்பது. எல்லாரிடமும் எடுப்பான்” என்றார் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே.

எல்லாரிடமும் எடுப்பதில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த 54 வெள்ளி திரும்பி வந்தது. அதே ஆண்டில் என் கடன்பற்று அட்டையில் ஏறியிருந்த 407 வெள்ளி 33 காசும் திரும்பி வந்தது. இரண்டையும் வாங்கிய பிறகு எனக்குப் புரிந்த விஷயம் ஒன்றுதான்: வங்கியிடம் “இந்தக் கட்டணம் அதிகம்” என்று சொல்லிப் பயனில்லை. “உங்கள் விதியை நீங்களே மீறியிருக்கிறீர்கள்” என்று காட்ட முடிந்தால் பணம் வரும்.

ஆகவே தொலைபேசியை எடுப்பதற்கு முன் உங்கள் வழக்கு எந்த வகை என்று பாருங்கள். வங்கி தன் விதிப்படியே பிடித்திருக்கிறது, ஆனால் கேட்டால் விட்டுக்கொடுக்கக்கூடும் என்பது ஒரு வகை. கடன்பற்று அட்டையின் ஆண்டுக் கட்டணம் இதில் சேரும். வங்கி பிடித்ததே தவறு, அல்லது உங்களுக்குத் தெரிவிக்காமல் பிடித்தது என்பது இன்னொரு வகை. முதல் வகைக்குப் பணிவு போதும். இரண்டாவதற்குத் தாள் வேண்டும். இவை இரண்டிலும் சேராதது, வெறும் மனக்குறை. கீழ்வீட்டு அக்கா ஒருவர் கடன்பற்று அட்டையை ஏடிஎம்மில் போட்டு ரொக்கம் எடுத்துவிட்டு, கட்டணமும் எடுத்த நாளிலிருந்தே வட்டியும் போட்டுவிட்டார்கள் என்று என்னிடம் வந்தார். “அக்கா, அது அட்டையோடு வந்த தாளிலேயே எழுதியிருக்கிறது” என்றேன். அவருக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான்.

அம்மாவின் 2 வெள்ளிக்கு வருகிறேன். பெரும்பாலான சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் மாதம் 2 வெள்ளியோ 5 வெள்ளியோ பிடிப்பார்கள். பலர் நினைப்பதுபோல மாதக் கடைசி இருப்பை வைத்து இதை முடிவு செய்வதில்லை. மாதத்தின் ஒவ்வொரு நாள் இருப்பையும் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரியையே பார்க்கிறார்கள். அம்மாவின் கணக்கில் அந்த வரம்பு 1,000 வெள்ளி. ஒரு 30 நாள் மாதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 20 நாள் 1,200 வெள்ளி இருந்தது, கூட்டினால் 24,000. வீட்டுச் செலவுக்கு எடுத்த பிறகு 10 நாள் 300 வெள்ளி, கூட்டினால் 3,000. மொத்தம் 27,000. 30ஆல் வகுத்தால் 900. மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு நாள் வரம்புக்கு மேலே இருந்தும் 2 வெள்ளி போய்விட்டது. உங்கள் புத்தகத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சராசரி வரம்புக்கு மேலே வந்தும் பிடித்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது.

அம்மாவின் கணக்கில் சராசரி உண்மையிலேயே குறைந்துதான் இருந்தது. ஆகவே நான் அடுத்த தாளைத் தேடினேன். ஒவ்வொரு வங்கியும் தன் கட்டணப் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் போட்டிருக்கும். பெரிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அடிக்குறிப்புகளில்தான் விலக்குகள் இருக்கும். அம்மாவின் வங்கிப் பட்டியலில், நான்காவது அடிக்குறிப்பில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு 74. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, பழைய கணக்கு வகையை நிறுத்திவிட்டுப் புதுப் பெயரில் மாற்றியபோது அம்மாவின் விலக்கு உடன் வரவில்லை.

வங்கி பிள்ளைகளிடம் பேசாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பேசும். அது சரியும்கூட. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, அடையாள எண்ணையும் பிறந்த தேதியையும் அவரே சொல்லி, “என் மகள் பேசட்டும்” என்றும் அவரே சொன்ன பிறகுதான் நான் வாயைத் திறக்க முடிந்தது. எப்போதும் அட்டையின் பின்புறமோ வங்கிப் புத்தகத்திலோ உள்ள எண்ணையே அழையுங்கள். உங்களைத் தேடி ஒருவர் அழைத்து, “உங்களுக்குக் கட்டணம் திரும்ப வர வேண்டியிருக்கிறது, ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்” என்றால் அது மோசடி. சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண் இருக்கிறது.

தொலைபேசியில் கிடைத்த பதில்: கடைசி 3 மாதத்துக்கான 6 வெள்ளியை “நல்லெண்ண அடிப்படையில்” தருகிறோம். இந்தச் சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள். நல்லெண்ணம் என்று வாங்கிக்கொண்டால், வங்கி தவறு செய்யவில்லை, இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று கோப்பில் பதிவாகிவிடும். மீதி 48 வெள்ளியைப் பிறகு கேட்பது கடினம். “இது உங்கள் பட்டியலின் அடிக்குறிப்புப்படி பிடித்திருக்கவே கூடாத பணம், நான் எழுத்தில் தருகிறேன், முறையீட்டு எண் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி, பேசியவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் வங்கிப் புத்தகத்தின் பின் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கோபம் நியாயமானதாக இருந்தாலும் கடிதத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வங்கியோடு எழுத்துப் போக்குவரத்து ஆங்கிலத்தில்தான் என்பதால் நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் சாரம் இதுதான்:

“2023 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை, 27 மாதம், மாதம் 2 வெள்ளி வீதம் 54 வெள்ளி குறைந்தபட்ச இருப்புக் கட்டணமாக என் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டுள்ளது. உங்கள் கட்டணப் பட்டியலின் 4ஆம் அடிக்குறிப்புப்படி 60 வயதுக்கு மேற்பட்ட எனக்கு அக்கட்டணம் இல்லை. 54 வெள்ளியை இதே கணக்கில் வரவு வைக்கவும். இனிப் பிடிக்காதிருக்க விலக்கைப் பதிவு செய்யவும். நான்கு வாரத்துக்குள் எழுத்தில் இறுதிப் பதில் வேண்டும். இல்லாவிட்டால் நிதித்துறைத் தகராறுத் தீர்வு நிலையத்தை நாடுவேன். இணைப்பு: வங்கிப் புத்தகப் பக்கங்கள், கட்டணப் பட்டியலின் பிரதி.”

எவ்வளவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த விதி, என்ன வேண்டும், எப்போதுக்குள். இவ்வளவுதான். அந்த நிலையம் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். கட்டணப் பட்டியலைக் கணினியில் சேமித்து, எடுத்த தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடிதம் எழுதிய பிறகு பட்டியல் மாறலாம்.

இதில் எனக்கு ஒரு வாரம் வீணானது. கடிதம் திரும்பி வந்தது. வங்கியில் உள்ள மாதிரிக் கையொப்பத்தோடு பொருந்தவில்லையாம். அம்மா தமிழில் கையொப்பமிடுகிறவர். கணக்குத் திறந்த காலத்தில் முழுப் பெயரையும் எழுதியவர், விரலில் வாதம் வந்தபின் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். முதியவர்களுக்காக எழுதுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசியுங்கள். நாங்கள் கிளைக்கே போய், வரிசையில் 50 நிமிடம் உட்கார்ந்து, அதிகாரியின் முன்னால் கையொப்பமிட்டுப் புது மாதிரியும் பதிவு செய்தோம். 

என் கடன்பற்று அட்டையின் கதை வேறு. யீஷூனில் வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர், சக்கரம் வைத்த பெட்டி இலவசம் என்றார். பெட்டிக்காக அட்டைக்கு எழுதிக் கொடுத்தேன். வெட்கம்தான், ஆனால் நல்ல பெட்டி, மூன்று முறை திருச்சிக்குப் போய் வந்துவிட்டது. அட்டையை ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. முதல் ஆண்டு கட்டணம் இல்லை. இரண்டாம் ஆண்டு 196 வெள்ளி 20 காசு போட்டார்கள், அதாவது 180 வெள்ளியும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 16.20ம். அந்த அறிக்கை நான் முன்பு குடியிருந்த புளோக்குக்குப் போனது. ஒரு மாதம் கழித்துத் தாமதக் கட்டணம் 100, வட்டி 4.48. அடுத்த மாதம் இன்னொரு 100, வட்டி 6.65. மொத்தம் 407.33. நிலுவை இருக்கிறது என்று குறுந்தகவல் வந்தபோது மோசடி என்று நினைத்து அழித்துவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் பழி என்மேல்தான்.

இங்கே செய்ய வேண்டியது, தொகையைப் பிரிப்பது. ஆண்டுக் கட்டணம் முதல் வகை: விதிப்படி பிடித்தது, கேட்டால் விடுவார்கள். இந்த ஊரில் பெரும்பாலான வங்கிகளில் அதற்குத் தனி அதிகாரியிடம் பேசக்கூட வேண்டாம், தானியக்கக் குரலிலோ செயலியிலோ விண்ணப்பிக்கலாம். மறுத்தால் “அட்டையை மூடுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள், பல நேரம் குரல் இளகும். ஆனால் தாமதக் கட்டணமும் வட்டியும் இரண்டாம் வகை. வீடு மாறியவுடன் முகவரியை மாற்றக் கொடுத்திருந்தேன், வங்கி ஏற்றுக்கொண்டதற்கான கடிதமும் என்னிடம் இருந்தது. சேமிப்புக் கணக்கில் மாற்றியவர்கள் அட்டைப் பிரிவில் மாற்றவில்லை. அறிக்கையே வராதவள் எப்படிக் காலத்தில் கட்டுவாள்?

வாக்குவாதம் நடக்கும்போது பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது வீரம் போலத் தோன்றும். அடுத்த மாதம் இன்னொரு 100 ஏறும். நான் 407.33ஐயும் அன்றே கட்டிவிட்டு, “எதிர்ப்பைப் பதிவு செய்தே செலுத்துகிறேன், இது கடனை ஒப்புக்கொண்டதாகாது” என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். பெரிய தொகை என்றால், சர்ச்சையில் இல்லாத பகுதியைக் கட்டிவிட்டு மற்றதை நிறுத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சரி என்று எழுத்தில் வரும்வரை நம்பாதீர்கள்.

அங்கேயும் அதே நல்லெண்ணம் வந்தது: ஒரு தாமதக் கட்டணத்தை மட்டும் விடுகிறோம். நான் ஏற்காததற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. தாமதமாகக் கட்டியது சிங்கப்பூர்க் கடன் தகவல் நிலையத்தில் பதிவாகும், கடந்த 12 மாத வரலாறு அந்த அறிக்கையில் மாதவாரியாகத் தெரியும். 100 வெள்ளியைத் திருப்பித் தருவதால் அந்தக் குறி போகாது. நாளை வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது எதிரே வந்து நிற்கும். ஆகவே, முகவரி மாற்றக் கடிதத்தின் பிரதியோடு எழுதியபோது, பணத்தோடு அந்தப் பதிவையும் திருத்தித் தரும்படி தனி வரியாகக் கேட்டேன். பிறகு கடன் அறிக்கையை நானே வாங்கிப் பார்த்து, திருத்தியிருக்கிறார்களா என்று உறுதி செய்தேன்.

மூன்றாம் வாரம் அட்டையில் வரவு வந்தது. 391.13. கணக்கு எழுதுகிறவளின் புத்தி சும்மா இருக்குமா? 407.33இல் கழித்தேன்: 16.20. ஆண்டுக் கட்டணத்தின் 180ஐத் திருப்பியவர்கள் அதன் வரியை மறந்துவிட்டார்கள். இன்னொரு மின்னஞ்சல், இன்னும் ஐந்து நாள். திரும்ப வரும் தொகையைக் காசு வரை கூட்டிப் பார்க்காமல் நன்றி சொல்லிவிடாதீர்கள். மேலும், அந்தப் பணம் பயன்படுத்தாத அட்டையில் வரவாக உட்கார்ந்திருக்கும். அட்டையை மூடுவதற்கு முன் அதைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அறிக்கைகளையும் முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு பழைய அறிக்கையின் பிரதி கேட்டால் அதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள்.

வங்கி இசையாவிட்டால் எங்கே போவது? பலரும் உடனே சிங்கப்பூர் நாணய ஆணையம் என்பார்கள். ஆணையம் வங்கிகளைக் கண்காணிக்கிறது. உங்கள் 54 வெள்ளி வழக்கில் தீர்ப்புச் சொல்வது அதன் வேலை இல்லை. சிலர் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போகிறார்கள். கடிதம் எழுதித் தருவார்கள், ஆனால் அது மறுபடியும் வங்கியின் மேசைக்குத்தான் வரும். இதற்கென்றே இருப்பது நிதித்துறைத் தகராறுத் தீர்வு நிலையம். 2005இல் தொடங்கியது, ராபின்சன் சாலையில் இருக்கிறது, ஃபிட்ரெக் என்றால்தான் எல்லாருக்கும் புரியும். இணையம் வழியாகவே முறையிடலாம்.

அதற்கு முன் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். நான்கு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ அங்கே போகலாம். இறுதிப் பதில் வந்த தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும், அதனால்தான் கடிதத்தில் “இறுதிப் பதில்” என்ற சொல்லைப் போட்டேன். வழக்கறிஞரை வைத்து வாதாட இடமில்லை, வங்கிக்கும் இல்லை. முதலில் ஓர் அதிகாரி இரு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார். அது முறிந்தால் தீர்ப்பாளர் கேட்டு முடிவு சொல்வார். ஒரு முறையீட்டில் 150,000 வெள்ளி வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. 2024 ஜூலைக்கு முன் அது 100,000 வெள்ளியாக இருந்தது. நீங்கள் முடிவை ஏற்றுக்கொண்டால் வங்கி அதற்குக் கட்டுப்பட வேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும். ஒருதலைப்பட்சமான விதிதான், நமக்குச் சாதகமான தலை.

தீர்ப்பு வரை போனால் முறையிடுபவர் கட்ட வேண்டிய கட்டணம் 50 வெள்ளி, பொருள் சேவை வரியோடு 54.50. அம்மாவின் 54 வெள்ளிக்காக 54.50 கட்டுவதா என்று கணக்குப் போட்டு இருவரும் சிரித்தோம். சிறு தொகைக்குச் சமரசத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். எங்களுக்கு அதுவரைகூடப் போகவில்லை. கடிதத்தில் அந்த நிலையத்தின் பெயர் இருந்ததே போதுமானதாயிற்று.

நான் முதலில் சொன்னது இங்கேதான் கைகொடுக்கிறது. வங்கி எவ்வளவு கட்டணம் வைக்கலாம், எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பது வணிக முடிவு, அதை ஃபிட்ரெக் விசாரிக்காது. “100 வெள்ளித் தாமதக் கட்டணம் கொள்ளை” என்று எழுதினால் முறையீடு வாசலிலேயே திரும்பிவிடும். “அறிக்கையைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டு 100 வெள்ளி பிடித்தார்கள்” என்று எழுதினால் உள்ளே போகும். பணம் அதே 100 வெள்ளிதான்.

இணையத்தில் தேடினால் வங்கிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் மாதிரிக் கடிதங்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ்காரர்களுடையவை. அங்கே 2000களின் நடுவில் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்ததற்கான கட்டணத்தைத் திரும்பக் கேட்டு ஊரே வங்கிமேல் படையெடுத்தது. 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் அந்த வேகம் அடங்கிவிட்டது. அந்தக் கடிதங்கள் சுட்டும் 1999ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விதிமுறை இங்கே செல்லாது. என் தம்பி அப்படி ஒன்றை அப்படியே படியெடுத்து அனுப்பி, பவுண்டு குறியைக்கூட மாற்ற மறந்துவிட்டான். வங்கி மிகவும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தது.

வெளிநாட்டில் அட்டை தேய்க்கும்போது ஏறும் கட்டணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். சென்னைப் புடவைக் கடையில் “சிங்கப்பூர் வெள்ளியில் போடவா, ரூபாயிலா?” என்று கேட்டால் ரூபாய் என்று சொல்லுங்கள். வெள்ளி என்றால் மாற்று விகிதத்தை அந்தப் பக்கமே தீர்மானிக்கும், அதற்குமேல் இங்கே ஒரு கட்டணமும் வரக்கூடும். ரசீதில் கையெழுத்துப் போட்டபின் அதை மீட்பது அரிது.

அம்மாவின் 54 வெள்ளி நவம்பர் 20ஆம் தேதி வந்தது. இயந்திரத்தில் புத்தகத்தைச் செருகி, அந்த வரி அச்சாகி வந்ததை அம்மா விரலால் தடவிப் பார்த்தார். டிசம்பர் முதல் வாரம் மறுபடியும் செருகினோம். நவம்பர் கடைசியில் மறுபடி ஒரு 2.00. பழையதைத் திருப்பியவர்கள் விலக்கைப் பதிவு செய்யவில்லை. இந்த முறை அம்மாவே தொலைபேசியை எடுத்து, பின் அட்டையில் பென்சிலால் எழுதியிருந்த முறையீட்டு எண்ணைத் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க ஆரம்பித்தார்.